செஞ்சியில் ஒரு குட்டியானை!

செஞ்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தேசிங்கு ராஜா வருவார். பின்னாலேயே அவர் குதிரை வரும். பேப்பர் ஒழுங்காகப் படிக்கிறவராக இருந்தால் யுனெஸ்கோ வரும். மராட்டியர் சம்பந்தப்பட்ட 12 கோட்டைகளை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள் அல்லவா? அதில் 11 மகாராஷ்டிராவில். பாக்கி ஒன்றே ஒன்று, நம்ம செஞ்சி!

நான் போனது கோட்டை பார்க்க அல்ல. லோடு வண்டி பார்க்க!

சிரிக்காதீர்கள். பிக்கப் வண்டி வாங்க நினைக்கிற எவரும் ஷோரூமில் கால் வைப்பதற்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை செஞ்சி வாரச்சந்தையில் கால் வைக்க வேண்டும் என்பேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., டை கட்டிய பையன் எதுவும் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் ஓடுகிற அத்தனை ரக லோடு வண்டியும் அங்கே வரிசையாக நிற்கும், சேறும் சாணியுமாக, உண்மை முகத்தோடு!

விஷயம் இதுதான். என் சித்தி பையனுக்கு ஊர் செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் நடுவில் ஒரு கிராமம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்தான். "அடுத்த வருஷம் பர்மனென்ட்" என்று ஆறு வருஷமும் சொன்னார்கள். ஒருநாள் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். கையில் சேமிப்பு இரண்டு லட்சம் சொச்சம். சித்தி தன் பங்குக்கு இரண்டு கறவை மாட்டை விற்றுப் பணம் கொடுத்திருந்தாள். மொத்தம் 3 லட்சம். சொந்தமாக வண்டி எடுத்து ஓட்டப் போகிறானாம்.

"அண்ணே, நீங்க ஆபீஸ்ல லோன் பைல் எல்லாம் பாக்கறவரு. கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று போன்.

எனக்கும் வண்டிக்கும் உள்ள சம்பந்தம் மின்சார ரயில் சீசன் டிக்கெட்டோடு சரி. இருந்தாலும் தம்பி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்தேன். திண்டிவனம் தாண்டி ஜன்னல் ஓரமாகக் கண்ணை மூடினேன். செஞ்சியில் கண்டக்டர் எழுப்பினார்.

ராத்திரி சாப்பிடும்போது தம்பி செல்போனில் ஒரு போட்டோ காட்டினான். முன்னால் ஐந்து பேர் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி, லாரி மாதிரி டயர், சினிமா ஹீரோ மாதிரி முகம். இசுஸூ வி-க்ராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ரகம்.

"எவ்ளோடா?"

"அது... இருபது லட்சத்துக்கு மேல போவும்ணே. சும்மா பாத்து வெச்சிருக்கேன்."

சித்தி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஷோரூம்ல வண்டியக் கழுவி, பொட்டு வெச்சி நிறுத்தியிருப்பான். மாடு வாங்கறவன் பொட்டு வெச்ச மாட்டையா பாப்பான்? ஏர்ல பூட்டிப் பாப்பான். நாளைக்கு வெள்ளிக்கெழம. சந்தைக்குப் போங்கடா ரெண்டு பேரும்!"

எம்.பி.ஏ. படித்தவர்கள் யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

* * *

விடிவதற்கு முன்பே சந்தை சூடாகிவிடுகிறது. தீபாவளி, பக்ரீத் வாரங்களில் கோடிக்கணக்கில் ஆடு விற்றதாகப் பேப்பரில் செய்தி வரும் சந்தை இது. நாங்கள் போனது சாதாரண வாரம். அதற்கே காது அடைத்தது. ஆடு கத்துகிறது, ஆட்டைப் பிடித்திருப்பவன் கத்துகிறான், தரகர் இருவரையும் விட அதிகமாகக் கத்துகிறார்.

செஞ்சிக்கு இது பொருத்தமான வியாபாரம்தான். இந்தக் கோட்டைக்கு முதல் கல் வைத்தது ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவன், ஆடு மேய்க்கப் போன இடத்தில் அவனுக்குப் புதையல் கிடைத்தது என்பது செவிவழிக் கதை. 800 வருஷமாக இந்த ஊரில் ஆட்டுக்கு மவுசு குறையவில்லை!

ஆட்டை விட்டுவிட்டு வண்டிகளைப் பார்த்தோம். மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம்.

முதலாவது, குட்டியானை. கம்பெனி வைத்த பெயர் டாடா ஏஸ். 2005 மே மாதம் வந்தது. வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். நம் ஆட்கள் குட்டியானை ஆக்கிவிட்டார்கள். இப்போது எந்தக் கம்பெனி சின்ன வண்டியானாலும் குட்டியானைதான், எந்தக் கம்பெனி வனஸ்பதியானாலும் டால்டா என்பது போல! இது வருவதற்கு முன்னால் சின்ன லோடு என்றால் மூன்று சக்கர மினிடோர்தான். வளைவில் சாமி கும்பிட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். குட்டியானை நாலு சக்கரத்தில் வந்து நின்றது. சுமை முக்கால் டன், அதாவது 750 கிலோ. தொட்டி ஏழடி நீளம். சந்துக்குள் போகும், வரப்போரம் போகும். மாருதியின் சூப்பர் கேரியும் இதே தராசுதான்: பெட்ரோலில் 740 கிலோ. அதையே கேஸ் வண்டியாக எடுத்தால் 625 கிலோதான். சிலிண்டரும் ஒரு லோடுதானே!

இரண்டாவது ஜாதி, ஒன்றேகால் டன் சுற்றுவட்டாரம். அசோக் லேலண்ட் 2011ல் ஓசூரிலிருந்து விட்ட தோஸ்த் இதில் பிரபலம். டாடாவில் இன்ட்ரா இருக்கிறது, 2019ல் வந்தது.

மூன்றாவது, ஒன்றரை டன்னும் அதற்கு மேலும். இந்தப் பக்கத்தில் 'பிக்கப்' என்று மொட்டையாகச் சொன்னாலே மகிந்திரா பொலேரோ பிக்கப்தான். 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை மாடல் மாடலாக இருக்கிறது. முன்னால் ஜீப் முகம், பின்னால் குட்டி லாரி. தம்பி அதைப் பார்த்த பார்வையில், பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறிப்போவது போல ஒரு லயிப்பு.

"அண்ணே, எடுத்தா இத எடுக்கணும்ணே. கெத்தா இருக்குல்ல?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பினார். காக்கிச் சட்டை. தோளில் துண்டு. கெத்து என்ற வார்த்தை காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாத வயசு.

"என்னா தம்பி, வண்டி எடுக்கப் போறியா?"

"ஆமாங்கய்யா."

"மூணு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லிட்டு எந்த வண்டி வேணா எடு. என்னா ஏத்தப் போற? எந்த வழில ஏத்தப் போற? திரும்பி வர்றப்ப என்னா ஏத்திக்கினு வருவ?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவராம். மினிடோரில் ஆரம்பித்து, மூன்று ஜாதி வண்டியும் ஓட்டியவர். இன்னொரு டீ வாங்கிக் கொடுத்ததும் பெஞ்சில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தார். அடுத்த ஒரு மணி நேரம் நடந்தது கிளாஸ்!

* * *

"மொதல்ல லோடு. நெல்லுன்னா எடை. பூவுன்னா இடம்."

யோசித்துப் பாருங்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு நெல் மூட்டை 75 கிலோ. குட்டியானையில் சட்டப்படி 10 மூட்டை. அதோடு கணக்கு முடிந்தது. தொட்டியில் இடம் காலியாகத் தெரியும், ஆசை காட்டும். ஒன்றேகால் டன் வண்டியில் 16 மூட்டை. 1.7 டன்னில் 22 மூட்டை. ஆனால் பூவோ, வைக்கோலோ, காலி டிரம்மோ ஏற்றினால் எடை கால்வாசி வருவதற்குள் தொட்டி நிரம்பிவிடும். அங்கே பார்க்க வேண்டியது கிலோ அல்ல, அடி. ஆடு இரண்டுக்கும் நடுவில். 30 ஆடு ஏற்றினாலும் எடை தாங்கும். ஆனால் நிற்க இடம் வேண்டுமே!

வீடு கட்டுகிறவர்களுக்கு மணல், செங்கல் அடிக்கலாம் என்று தம்பி ஒரு யோசனை வைத்திருந்தான். பெரியவர் கையை உதறினார். ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. நாலு டன்னுக்கு மேல் வரும். கால் யூனிட்டே ஒரு டன்னைத் தாண்டும். "அது டிப்பர் வேல. ஆட்டுக் குட்டி மேல கல்லுரலத் தூக்கி வெக்காத!"

இன்னொரு சூட்சுமமும் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடை இருக்கும். ஒன்று வண்டியின் வெறும் எடை. மற்றது சுமையோடு சேர்த்து மொத்த எடை. இரண்டுக்கும் வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. ஆடு ஏற்ற இரண்டு அடுக்குக் கம்பி, தார்ப்பாய்க்கு பிரேம், பின்னால் இரும்புக் கதவு என்று 100 கிலோவுக்கு அலங்காரம் செய்தால், அந்த 100 கிலோ உங்கள் லோடில்தான் கழியும்.

"ஓவர்லோடு எல்லாரும்தான ஏத்தறாங்க?" என்று தம்பி.

"ஏத்தறான். பட்டை போடறான், டயர் மாத்தறான். பிரேக்க மாத்தினானா? கேட்டுப் பாரு."

சட்டமும் லேசுப்பட்டதில்லை. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. பத்து நடை லாபம் ஒரு செக்போஸ்ட்டில் போய்விடும்.

இரண்டாவது கேள்வி, வழி. தம்பி ஊருக்குள் போகிற தெரு குறுகல். ஒரு இடத்தில் கோயில் மதிலும் வேப்பமரமும் நெருங்கி வந்து, டிராக்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு போகும். பெரிய வண்டி எடுத்தால் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டும். அந்தக் கூலி யார் தலையில்? மலைப்பாதை, மணல் வழி, நீண்ட தூரம் என்றால் இதே பதில் தலைகீழாகிவிடும். சின்ன இன்ஜின் ஏற்றத்தில் திணறும். திருவண்ணாமலை தாண்டி ஜவ்வாது மலைக்கு லோடு போகிறவனுக்குப் பெரிய இன்ஜின்தான் துணை.

மூன்றாவது கேள்விதான் என் ஆபீஸ் மூளையைத் தட்டியது. ரிட்டர்ன் லோடு! போகும்போது சம்பாதித்ததைத் திரும்பும்போது டீசலாக எரித்துவிட்டு வந்தால் மிச்சம் என்ன? பெரியவர் வெள்ளிக்கிழமை ஆட்டோடு வருவார்; திரும்பும்போது மாட்டுத் தீவனம், மளிகை ஏற்றிக்கொண்டு போவார். காலியாகத் திரும்பி வருஷம் ஏழாகிறதாம்.

"இன்னொரு ஐடியாங்கய்யா" என்றான் தம்பி. "மேல்மலையனூர் அமாவாசைக்கு ஊஞ்சல் உற்சவம். கூட்டம் அள்ளும். பின்னால ஆள ஏத்தினா ஒரே ராத்திரில..."

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அதுவரை இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"தம்பி, ஆடு விழுந்தா பணம் போவும். ஆளு விழுந்தா? சரக்கு வண்டில ஆள் ஏத்தி அடிபட்டா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். பத்துக் குடும்பத்துக்கு நீதான் பதில் சொல்லணும். அந்தத் தொழில் பண்றதுன்னா இப்பவே எழுந்து போயிடு."

தம்பி எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

* * *

சந்தை கலைந்ததும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒரு நடை போனோம். அறுவடை சீசனில் நெல் மூட்டைகள் மலை மலையாகக் குவியும் இடம். அங்கே ஒரு பெரிய பிக்கப் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வண்டி நல்லதா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"எனக்கு தெனம் நெல்லு, அரிசி. நான் சின்ன வண்டி வெச்சிருந்தா ஒரே லோடுக்கு மூணு நடை அடிக்கணும் சார். டீசல் யார் தர்றது? ஒங்க தம்பிக்கு என்ன லோடுன்னு பாருங்க. என்னப் பாத்து வாங்காதீங்க."

எவ்வளவு நியாயமான மனிதர்! பக்கத்து வீட்டுக்காரன் பிரிட்ஜைப் பார்த்து பிரிட்ஜ் வாங்குகிற நம் வர்க்கத்துக்கு இந்த ஞானம் வருமா?

ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஓட்டல் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வண்டி தெரியாவிட்டாலும் வட்டி எனக்குத் தெரியும்.

சின்ன வண்டிக்கு 4 லட்சம் கடன், பெரிய வண்டிக்கு 8 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டோம். வட்டி 11 சதவிகிதம், ஐந்து வருஷம். மாத டியூ சின்னதுக்கு சுமார் 8,700. பெரியதுக்கு 17,400. தினம் 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள். டிரைவர்கள் சொன்ன மைலேஜை வைத்து லிட்டருக்கு 18, 13 என்று எடுத்துக்கொண்டேன். டீசல் 93 ரூபாய் வீதம் மாதத்துக்கு 12,900, 17,900. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி.க்காகத் தனியே எடுத்து வைப்பது 4,000, 5,000.

கூட்டினால் சின்ன வண்டிக்கு மாதம் 25,600. பெரிய வண்டிக்கு 40,300. அதாவது காலையில் சாவியைத் திருகும்போதே அன்றைய செலவு சின்னதில் 1,024 ரூபாய். பெரியதில் 1,612 ரூபாய். இதற்கு மேல் வருவதுதான் தம்பியின் சம்பளம்.

இப்போதுதான் வேடிக்கை. 1.7 டன்னும் நிரம்பி ஓடினால், பெரிய வண்டியில் ஒரு கிலோ சரக்குக்கு ஆகும் செலவு 95 பைசா. குட்டியானை 750 கிலோ நிரம்பினாலும் கிலோவுக்கு 1 ரூபாய் 37 பைசா. பெரிய வண்டி மலிவு! ஆனால் கையில் இருப்பதே 600 கிலோ லோடுதான் என்றால்? பெரிய வண்டியில் 2 ரூபாய் 69 பைசா. சின்னதில் 1 ரூபாய் 71 பைசா. நிரம்பினால் பெரியது மலிவு, நிரம்பாவிட்டால் சின்னது மலிவு. ஆகவே வண்டி விலையை அப்புறம் கேட்கலாம். தினம் எத்தனை கிலோ கிடைக்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

"உனக்கு எவ்ளோடா கெடைக்கும்?"

தம்பி விரல் விட்டு எண்ணினான். வெள்ளிக்கிழமை ஆடு. மற்ற நாளில் காய்கறி, தீவனம், மளிகை. அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கடைகளுக்குத் தேங்காய், எலுமிச்சை. எல்லாம் அரை டன், முக்கால் டன்னுக்குள். அறுவடை சமயம் இரண்டு மாசம் மட்டும் நெல்.

பெரியவர் காலையில் சொன்ன கடைசி வார்த்தை ஞாபகம் வந்தது: "அறுபது நாள் லோடுக்காக முன்னூறு நாள் டியூ கட்டாத!"

* * *

ஆனாலும் தம்பி முகத்தில் தெளிவில்லை. சரி, கோட்டைக்குப் போவோம் என்று கிளம்பினோம். ஊரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் சின்னத் தூரம்தான். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, ஒரு பக்கம் ராஜகிரி, கொஞ்சம் தள்ளி சந்திரகிரி. பாறாங்கற்களை யாரோ மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி மலைகள். நடுவே ரோடு போகிறது. அதில் லோடு வண்டிகள் போகின்றன. எனக்கு இப்போது கண்ணில் அதுதான் முதலில் படுகிறது!

உள்ளே கல்யாண மகால், குதிரை லாயம், பெரிய பெரிய தானியக் களஞ்சியங்கள், யானைக்குளம். இந்தக் களஞ்சியங்களை வெறும் கட்டடமாகப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். 1690ல் மொகலாயப் படை வந்து வளைத்தபோது உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரை இழுத்தது. அத்தனை வருஷம் ஒரு கோட்டை தாக்குப் பிடிக்க வேண்டுமானால் மதில் மட்டும் போதாது, மூட்டையும் வேண்டும். எவ்வளவு தேவை, எங்கே வைப்பது, யார் தூக்குவது என்று யாரோ ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

இங்கிருந்து போன லோடும் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயில் கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, செஞ்சித் தூண்கள்தான் அவை. எந்த வண்டியில் ஏற்றினார்களோ, எத்தனை மாடு பூட்டினார்களோ!

ராஜகிரி 800 அடி உயரம். பாதியில் என் மூச்சு முட்டியது. குரங்கு ஒன்று என் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு சுமையைக் குறைத்தது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அண்ணே, எனக்குப் பொண்ணு பாக்கறாங்க. கம்பெனி வேல போச்சுன்னதும் ஒரு எடம் தட்டிப் போச்சு. பெரிய வண்டியா நின்னா ஒரு மதிப்பு இருக்கும். குட்டியானைன்னா... சிரிப்பாங்கண்ணே."

விஷயம் இங்கேதான் இருந்திருக்கிறது! இரண்டு மாட்டை விற்ற காசு, ஆறு வருஷச் சேமிப்பு எல்லாம் ஒரு பம்பரின் பளபளப்பில் நின்றுகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் பிக்கப்பைக் காலியாக ஆபீசுக்கு ஓட்டிப் போகிறவன் உண்டு. அங்கே அது சொகுசு. இங்கே அது சோறு.

நான் உபதேசம் செய்யவில்லை. கீழே கை காட்டினேன். "அதோ தெரியுது பார், யானைக்குளம். யானைக்கு எங்க குளம் வெட்டியிருக்கான்? கீழ. அரண்மனை யானைதான். ஆனா இந்தப் படிக்கு அது தோதுப்படாது. மேல வர்றதுக்கு மனுஷன் காலுதான் தோது. அதுக்காக யானைய யாரும் மட்டமா நெனைக்கல, மனுஷனையும் மட்டமா நெனைக்கல."

"தேசிங்கு ராஜா டில்லி பாதுஷாவோட அடங்காத குதிரையையே அடக்கினாராமே?"

"கதைப்பாட்டுல அடக்கினார். 1714ல சின்னப் படையோட நவாப்போட பெரிய படைய எதிர்த்து உயிர விட்டதும் அவர்தான். வீரம்தான், நான் இல்லேங்கல. ஆனா அவருக்கு மாசம் அஞ்சாம் தேதி டியூ கிடையாது!"

தம்பி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு மிச்சப் படியும் ஏறினோம்.

* * *

இறங்கி வந்தபிறகு பழைய வண்டி ஒன்றும் பார்த்தோம். விலை ஆசை காட்டியது. பெரியவரும் வந்திருந்தார். அவர் பார்த்த விதத்தை உங்களுக்காகக் குறித்து வைத்தேன்.

இன்ஜின் சூடாக இருந்தால் "ஆறட்டும், அப்புறம் வர்றேன்" என்று போய்விட வேண்டும். ஆறிய இன்ஜின் முதல் திருகலில் கிளம்புகிறதா என்று பார்க்கத்தான். தொட்டியின் பலகையை அல்ல, அடியில் குனிந்து சேஸிஸைப் பார்க்க வேண்டும். வெல்டிங் தழும்பு இருந்தால் ஓவர்லோடு ஓடிய வண்டி. மீன் லோடு ஓடியிருந்தால் உப்பு அரித்திருக்கும். பட்டைகள் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா, நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா, சேஸிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, ஃபைனான்ஸ் முடிந்து என்.ஓ.சி. வாங்கியாயிற்றா, எஃப்.சி. எந்தத் தேதி வரை... எட்டு வயசு வரை எஃப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் வருஷா வருஷம். பழைய வண்டியை வாங்குகிறவர் இந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாங்கள் பார்த்த வண்டிக்கு சேஸிஸில் இரண்டு தழும்பு. பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

புது வண்டி எடுப்பவர்களுக்கு மூன்று செய்தி. ஒன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். இரண்டு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். தாண்டினால் அந்த அலைச்சலும் செலவும் உண்டு. மூன்று, தனி லைசென்ஸ் எடுக்க ஓட வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2017ல் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் உறுதிப்படுத்திவிட்டது.

தம்பி முக்கால் டன் வண்டிதான் எடுத்தான். மஞ்சள் போர்டு, எலுமிச்சம்பழம், கண்ணாடியில் 'அங்காளம்மன் துணை'. அறுவடைக்கு நெல் வந்தபோது விற்பனைக் கூடத்தில் பார்த்த அந்தப் பெரிய பிக்கப் டிரைவரையே வாடகைக்குப் பேசிவிட்டான். அவருக்கு லோடு, இவனுக்கு கமிஷன். மறுநாள் இவன் வண்டி வழக்கம்போல் தீவனத்துக்குப் போயிற்று. டியூ இதுவரை ஒரு மாதமும் தள்ளிப் போகவில்லை.

பெண் வீட்டுக்காரர்கள் வந்தார்களாம். பெண்ணின் அப்பா வண்டியைச் சுற்றி வந்து, "கடன் எவ்ளோ பாக்கி?" என்றுதான் முதலில் கேட்டாராம். தொகையைக் கேட்டதும் உட்கார்ந்து காபி குடித்தாராம்!

வண்டி வந்த அன்று சித்தி சூடம் சுற்றிப் போட்டுவிட்டு, காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையையும் வாசலில் நின்ற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு மாட்ட வித்து ஒரு யானைய வாங்கியிருக்க. தீனி கட்டுமாடா?"

"கட்டும்மா" என்றான் தம்பி. "கணக்கு போட்டுட்டேன்."